முனியப்பன் கூடை

புதுச்சத்திரத்துக் கரி டிப்போவில் கணக்கில் சேராத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஒரு பழைய மூங்கில் கூடை. முற்றத்துப் புங்கமரத்தடியில், முனியப்பன் என்று பேர் வைத்துச் செம்மண் பூசின ஒரு கல்லுக்கு முன்னால் அது உட்கார்ந்திருக்கும். டிப்போவின் எடைக்காரர் சரவணமுத்து தினமும் காலையில் கல்லுக்குச் சூடம் காட்டுவார். அதே தட்டைக் கூடைக்கும் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுத்தான் தராசைத் தொடுவார்.

பர்மா விழுந்த மறுவருஷம் அது. பெட்ரோலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. சேலம் நாமக்கல் ரோட்டில் ஓடிய பஸ்களின் பின்புறம் ஆளுயர இரும்புப் பீப்பாய் ஒன்றைப் பூட்டி, அதற்குள் கரியைக் கொட்டிக் கனல வைத்து, அதிலிருந்து வருகிற கேஸில் எஞ்சினை ஓட்டினார்கள். மேட்டைக் கண்டால் பஸ் முனகும்; ஆண்பிள்ளைகள் இறங்கித் தள்ளுவார்கள். கல்யாணத்துக்குப் போகிறவரும் கருமாதிக்குப் போகிறவரும் சேலத்தில் இறங்கும்போது ஒரே நிறமாக இருப்பார்கள்.

கரிக்குச் சர்க்கார் ரேட்டு வைத்தது. ரேட்டு மட்டும் போதாதென்று பங்கும் வைத்தது. சேலத்தில் ஒரு டிப்போ, நாமக்கல்லில் ஒன்று, நடுவே புதுச்சத்திரத்தில் ஒன்று. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இவ்வளவு மூட்டை என்று அளவு. எந்த டிப்போவில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஓரிடத்தில் ஒரு மூட்டை கூடுதலாக எடுத்தால் அடுத்த இடத்தில் ஒரு மூட்டை குறையும். சாயங்காலமானால் வந்த கரியும் போன கரியும் மிஞ்சின கரியும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். குறைந்திருந்தால் எடைக்காரர் திருடிவிட்டார் என்று அர்த்தம். கூடியிருந்தால் யாருக்கோ குறைத்துப் போட்டுவிட்டார் என்று அர்த்தம். இரண்டும் குற்றமே.

கரி கொண்டு வருகிறவர்கள் சுற்றுப்பட்டுச் சேரிகளின் ஜனங்கள். ஊஞ்சையும் வேலமும் வெட்டி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைத்து, மூட்டம் வெந்து அடங்குகிற வரைக்கும் காவல் இருப்பவர்கள். பச்சை மரத்தை எரிப்பது பாவம் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. களத்துமேட்டில் தவசம் அளக்கும் முன்னால் சாமிக்கு ஒரு பிடி எடுத்து வைக்கிற வழக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அதனால், மூட்டையைத் தராசில் ஏற்றுவதற்கு முன்னால் மூட்டைக்கு ஒரு பிடி கரியை அந்தக் கூடையில் போட்டார்கள். முதலில் போட்டவள் குப்பாயி. அவளைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

சாமி கரியைத் தின்பதில்லை. ஆகவே பங்கு தீர்ந்துபோய், கேஸ் அடங்கி, முற்றத்தில் எந்தப் பஸ்ஸாவது நின்றுவிட்டால், சரவணமுத்து கையைக் கூடைப் பக்கம் காட்டுவார்.

"எடுத்துக்கப்பா. இது முனியப்பன் கணக்கு."

அப்படி அந்தக் கூடை எத்தனையோ பேரை ஊர் சேர்த்திருக்கிறது. உலகம் முழுக்கத் துப்பாக்கி வெடிக்கிற காலத்தில், புங்கமரத்தடியில் ஒரு கூடை தர்மம் நிறைந்து கிடக்கிறதே என்று சரவணமுத்துவுக்கு மனசு நிறைவாக இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு பூசி, வெயில் காலத்தில் கரிக்காரர்களுக்கு நீர்மோர் ஊற்றித் தருகிற மனிதர் அவர். ஒரு பிடி நல்லது எங்கே போட்டாலும் முளைக்கும் என்பது அவருடைய எண்ணம். முளைப்பதெல்லாம் நல்லதாகவே முளைக்கும் என்றும் அவர் எண்ணியிருந்தார்.

மாசி மாதத்தில் ஒரு நாள், குப்பாயி மூட்டையை இறக்கிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"சாமி, கரிக்கு ரேட்டு வெக்கற ஆபீசரு எப்பங்க வாராரு?"

"வர்ற செவ்வாக்கெழமை. ஏன் குப்பாயி?"

"ரேட்டு ஏறுமுங்களா?"

பக்கத்தில் வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சின்னான் திரும்பிப் பார்த்தான். எல்லோருடைய கரியையும் ஒற்றை மாட்டு வண்டியில் ஏற்றி வருகிறவன் அவன், வாய் அடங்காதவன்.

"ஏறாம என்ன? உம்பட மூட்டத்துப் பொகையாட்டம் நெட்டுக்க ஏறும். மேல போயிக் காணாமப் போயிரும்."

"நீ சித்தெ சும்மா இரு மாமா" என்று குப்பாயி அவனை அடக்கினாள். "சாமி, மாரி அஸ்ஸாமுக்குப் போறேங்கறானுங்க."

மாரி அவளுடைய ஒரே மகன். அவனுடைய அப்பன் வீரன், வெந்துகொண்டிருந்த மூட்டத்தில் மண் பிளந்த இடத்தை மூடுவதற்காக மேலே ஏறியவன், காலடி சரிந்து உள்ளே போய்விட்டான். அதற்குப் பிறகு மூட்டத்தின் மேல் ஏறுவது மாரிதான். கீழே நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது அவள். ராசிபுரம் சந்தையில் ஒரு கங்காணி வந்து உட்கார்ந்திருந்தான். அஸ்ஸாம் காட்டில் பட்டாளத்துக்கு ரோடு போட ஆள் எடுத்துக்கொண்டிருந்தான்.

"போறவங்களுக்குக் கம்பளியும் பூட்சும் குடுக்கறாங்களாமுங்க" என்றாள் குப்பாயி.

"திரும்பி வாரவனுக்கு என்ன குடுக்கறாங்களாம்?" என்று கேட்டான் சின்னான்.

சற்றுத் தள்ளி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த மாரி எழுந்து வந்தான். நல்ல உயரம், புருவத்திலும் காதோரத்திலும் கழுவினாலும் போகாத கரி.

"போகோணும்னு எனக்கு ஆசைங்களா சாமி? முன்னயெல்லாம் வேலி முள்ளை வெட்டிட்டுப் போடான்னு தோட்டத்துக்காரங்களே கூப்புடுவாங்க. கரிக்கு ஒரு ரேட்டுன்னு வந்தப்பறம், ஒவ்வொரு குச்சிக்கும் காசு கேக்கறாங்க. மரத்துக்குக் குடுத்துட்டு, வண்டிக்குக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போனா, கம்பு வாங்கறதுக்கே இழுக்குதுங்க. ரேட்டு ஏறுச்சுன்னா நான் எங்கத்துக்கும் போகலே. ஏறலீன்னா, பங்குனி நோம்பிக்கு முன்னாலயே கெளம்பிருவேன்."

குப்பாயி மகனைப் பார்க்கவில்லை. சரவணமுத்துவைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஏதாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை அவரால்.

"நான் பேசறேன் குப்பாயி. நியாயத்தை நயமா எடுத்துச் சொன்னா கேக்காத மனுசன் உண்டா? நீ கவலைப்படாமப் போ."

அவள் இரண்டு கையையும் கூப்பினாள். போகிறபோது கூடையில் இன்னொரு பிடி போட்டுவிட்டுப் போனாள்.

அதிகாரி கெட்டவர் அல்ல. அப்படி இருந்திருந்தால் இந்தக் கதை சுலபமாக இருந்திருக்கும். மெல்லப் பேசுகிறவர், தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். கரிக்காரர்களை நிழலில் உட்காரச் சொன்னார். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். மரத்துக்கு என்ன கொடுக்கிறாய், மூட்டம் வேக எவ்வளவு நாள், எவ்வளவு மரத்துக்கு எவ்வளவு கரி தேறும் என்று பொறுமையாக விசாரித்தார். சின்னான்கூட அன்றைக்குக் குறும்பில்லாமல் பதில் சொன்னான்.

"உங்கள் கஷ்டம் புரிகிறது" என்றார் அதிகாரி. "ஆனால் நான் ஒரு பக்கம் மட்டும் பார்க்க முடியாது. ரேட்டை ஏற்றினால் பஸ் முதலாளி சார்ஜை ஏற்றுவார். அந்தச் சார்ஜைக் கொடுக்கிறவனும் உங்களைப்போல ஏழைதான். செலவுக்கு ஈடாக இருக்க வேண்டும்; செய்கிறவனுக்குக் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். அதற்குமேல் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. இப்போது உங்களுக்கு மிஞ்சுகிறதா இல்லையா, அதுதான் கேள்வி."

"மிஞ்சலீங்க" என்று பல குரல்கள் எழுந்தன.

"எல்லா டிப்போவிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்று அதிகாரி புன்னகை செய்தார். அந்தப் புன்னகையில் நம்பிக்கை இல்லை.

சரவணமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை. இந்த ஜனங்களைப் பொய் சொல்கிறவர்கள் என்று இவர் எண்ணுகிறாரே என்று இருந்தது. இவர்கள் எப்பேர்ப்பட்ட மனசுக்காரர்கள் என்று தெரிந்தால், இவருடைய மனசும் இளகிவிடும் அல்லவா? அவர் முன்னால் வந்து நின்றார்.

"ஐயா ஒரு விஷயம் பாக்கோணுமுங்க. இப்படி வாங்க."

புங்கமரத்தடிக்கு அவரை அழைத்துப் போய்க் கூடையைக் காட்டினார். கதை முழுவதையும் சொன்னார். பாவத்துக்குப் பயந்து போடுகிற பிடி, நின்றுபோன பஸ்கள், போன ஆடியில் பிரசவ வலியோடு வந்த ஒரு பெண்ணைச் சேலம் கொண்டு சேர்த்த கரி, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே கண் கலங்கியது.

அதிகாரி கவனமாகக் கேட்டார்.

"எல்லோரும் போடுகிறார்களா?"

"எல்லாருமுங்க. ஒருத்தர் விடாம."

"ஒவ்வொரு மூட்டைக்கும்?"

"ஒவ்வொரு மூட்டைக்குமுங்க."

"நீங்கள் கட்டாயப்படுத்துவதில்லையே?"

"கட்டாயமா? அவங்க மனசுங்க."

"விலை?"

"சாமிக்குப் போடறதுக்கு வெலை வாங்குவாங்களுங்களா?" என்று சரவணமுத்து சிரித்தார்.

அதிகாரி குப்பாயியைக் கூப்பிட்டு, வழக்கமாக எப்படிப் போடுவாள் என்று காட்டச் சொன்னார். பெரிய மனுஷர் கேட்கிறார், அதுவும் சாமி காரியம். குப்பாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையால் அள்ளுகிறவள் அன்றைக்கு இரண்டு கையும் சேர்த்து, விளிம்பு வழிய வழிய அள்ளிக் கொண்டுவந்தாள். அதைத் தராசில் போட்டு எடை பார்க்கச் சொன்னார் அதிகாரி. சரவணமுத்துவே எடை பார்த்துச் சொன்னார். அதிகாரி குறித்துக்கொண்டார்.

நீர்மோரை வாங்கிக் குடித்துவிட்டு, "நல்ல ஜனங்கள்" என்று சொல்லி, ஜீப்பில் ஏறிப் போனார்.

"எறங்கிட்டாரு சாமி, மனசு எறங்கிட்டாரு" என்று சின்னானே சொன்னான். குப்பாயி முனியப்பன் கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். அவள் எழுந்திருக்கும்போது சரவணமுத்துவுக்கும் ஒரு கும்பிடு போட்டாள். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு, "எனக்கெதுக்கு, அவனுக்குப் போடு" என்று கல்லைக் காட்டினார்.

உத்தரவு நாமக்கல் பஸ்ஸில் வந்தது. கூடவே ஒரு சாக்குத் துணிப் பொட்டலம். அதற்குள் ஒரு சின்ன இரும்பு எடைக்கல் இருந்தது.

சரவணமுத்து உத்தரவை முதல் தடவை படித்தபோது தமக்குத்தான் புரியவில்லை என்று நினைத்தார். மறுபடி படித்தார். ரேட்டு ஏறவில்லை. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு பிடி கரியை விலையில்லாமல் கொடுக்க அவர்களால் முடிகிறது என்று நேரில் கண்டபடியால், தற்போதைய ரேட்டில் அவர்களுக்கு மிச்சம் இருப்பது ருசுவாகிறது. ஆகவே இனிமேல் அந்தப் பிடி மூட்டையின் எடையிலேயே சேர வேண்டும். அதற்குரிய கல் இத்துடன் அனுப்பப்படுகிறது. இந்த ரோட்டின் மூன்று டிப்போக்களுக்கும் இது பொருந்தும். வரவிலும் செலவிலும் சேராமல் டிப்போவில் கரி வைத்திருப்பது ஒழுங்கல்ல. கூடையிலுள்ள கரியை இருப்பில் கொட்டிக் கூடையை அப்புறப்படுத்த வேண்டும்.

கரிக்காரர்களுக்கு அவர் அதைப் படித்துக் காட்டவில்லை. தராசுத் தட்டில் பழைய கற்களோடு அந்தப் புதுக் கல்லையும் வைத்தார். மூட்டை இருந்த தட்டு மேலே போயிற்று. எல்லோரும் பார்த்தார்கள்.

"என்னங்க சாமி இது?" என்று சின்னான் கேட்டான்.

"உங்க பிடி" என்றார் சரவணமுத்து. விட்டு விட்டு, தலை குனிந்துகொண்டு, நடந்ததைச் சொன்னார். நான்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன் என்பதையும் சொன்னார். அது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மாரி தட்டிலிருந்து அந்தக் கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இதுங்களா முனியப்பன்?" என்று கேட்டான். "நல்லாத்தான் வளந்துட்டாரு."

அவன் அதைத் திரும்பத் தட்டில் வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான். அவர்கள் அவரைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அவருக்குச் சோறு இறங்கியிருக்கும். குறைந்த மூட்டைகளை நிரப்பிக் கட்டி, தராசில் ஏற்றி, இறக்கிவிட்டு, நீர்மோர்ப் பானையைத் திரும்பிப் பாராமல் போனார்கள். குப்பாயி மட்டும் வாசலில் நின்று, "நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க சாமி" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் அவரை அன்று இரவு முழுவதும் புரள வைத்தது.

கூடையைச் சரவணமுத்துவே எடுத்துக்கொண்டு போய்க் கரிக்கொட்டகையின் பின்புறம் போட்டார். மறுநாள் சூடம் காட்டும்போது கல்லுக்கு முன்னால் வட்டமாகக் கறுத்த மண்தான் இருந்தது.

மாரி கங்காணியிடம் பெயர் கொடுத்துவிட்டான். கிளம்பிய அன்று காலையில் பஸ் ஏறுவதற்காக டிப்போ முற்றத்துக்கு வந்தான். புதுச் சட்டை, சந்தையில் எடுத்த வெள்ளைச் சட்டை. சின்னானின் வண்டியில் கரியோடு கரியாக வந்ததால் தோளில் ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. குப்பாயி அதை எச்சில் தொட்டுத் துடைத்தாள்; கோடு பெரிதாயிற்று.

"உடு ஆத்தா. அங்கத்துக்குப் போனா யாரு பாக்கப் போறாங்க?"

அவள் அன்றைக்கும் இரண்டு மூட்டை கொண்டுவந்திருந்தாள். மகன் போகிற நாளென்று மூட்டம் காத்திருக்காது. மூட்டையை அவிழ்த்தவள், பழக்க தோஷத்தால் ஒரு பிடி அள்ளிக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். கூடை இல்லை. கையை மூடிக்கொண்டு திரும்பி வந்து கரியை மூட்டையிலேயே போட்டாள்.

நாமக்கல்லிலிருந்து பஸ் முக்கி முனகிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றது. நின்ற வேகத்தில் எஞ்சினும் அடங்கிவிட்டது. டிரைவர் கந்தன் இறங்கிப் பீப்பாயின் மூடியைத் திறந்து பார்த்தான்.

"அடியில போயிருச்சு. கரி ஒரே ஈரம், குடிச்சுத் தீத்திருச்சு. ஒரு மூட்டை போடுங்க சாமி, இல்லீன்னா மல்லூர் மேட்டைத் தாண்டாது."

கண்டக்டர் சின்னராஜ் கரிப் பங்குச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினான். சரவணமுத்து பார்த்தார். முந்தின நாள் திருவிழாக் கூட்டம். இந்தப் பஸ் நாமக்கல்லில் ஒரு மூட்டை கூடுதலாக எடுத்திருந்தது. அதனால் இன்றைக்கு இங்கே அதற்குப் பங்கில்லை.

"பங்கு முடிஞ்சுது சின்னராஜ்."

"தெரியுமுங்க. கூடை எங்கீங்க?"

"கூடை இல்லை."

சின்னராஜ் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தான். கூரை முட்ட மூட்டைகள் அடுக்கியிருந்தன. "மலையாட்டம் கெடக்குதேங்க?"

"கெடக்குது. உம்பட கணக்குல இல்லே." சொல்லும்போதே சரவணமுத்துவுக்கு வாய் கசந்தது. போன வாரம் பக்கத்து ரோட்டு டிப்போவில் இப்படி ஒரு மூட்டை இரக்கப்பட்டுக் கொடுத்த எடைக்காரரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். இங்கேயும் எந்த நிமிஷமும் சோதனைக்கு வரலாம் என்று தாக்கீது வந்திருந்தது.

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். சௌந்திரம் என்று பெயர். எருமப்பட்டிப் பக்கத்துக் குடியானவப் பெண். இடுப்பில் மூன்று வயசுக் குழந்தை. அதன் கழுத்து வீங்கியிருந்தது. அது மூச்சு விடுகிற சத்தம், கல்லில் அரிவாள் தீட்டுகிற சத்தம் மாதிரி முற்றம் முழுவதும் கேட்டது.

"அண்ணா, தொண்டை அடைப்பானுங்க" என்றாள். "அதுக்கு ஊசி சேலத்து ஆசுபத்திரியிலதான் இருக்குதாம். நேரமாயிட்டா ஊசி கேக்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க. பஸ்ஸு எப்பங்க போகும்?"

அடுத்த பஸ் சாயங்காலந்தான்.

சரவணமுத்து கொட்டகையைப் பார்த்தார். ஒரு மூட்டை. எழுந்துபோய்த் தூக்கிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. கடவுளே, கடவுளே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். கால் நகரவில்லை. நாற்பது வருஷமாக நல்லவர் என்று பேரெடுத்த மனிதர், ஒரு மூட்டைக் கரிக்கு முன்னால் அப்படியே நின்றார். அப்போது அவருக்கு வேறொன்றும் உறைத்தது. சாயங்காலத்துக்குள் சேலம் ஸ்டேஷனுக்கு வந்து சேராதவன் இடத்துக்கு வேறு ஆளை ஏற்றிவிடுவேன் என்று கங்காணி சொல்லியிருந்தான். இந்தப் பஸ் போகாவிட்டால் மாரி போக முடியாது. முனியப்பனே பார்த்து நிறுத்தினானோ என்று ஒரு எண்ணம் அவருக்குள் எட்டிப் பார்த்தது. நிமிர்ந்தார். குப்பாயியும் அதையே எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. வெகு நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

குழந்தை மறுபடி மூச்சை இழுத்தது. இழுத்த மூச்சு வெளியே வரச் சற்று நேரமாயிற்று. அந்த நேரம் வரைக்கும் முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் மூச்சு விடவில்லை.

குப்பாயியின் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்தது. அவள் தன் மூட்டையின் மேல் கையை வைத்தாள்.

"சாமி, இது இன்னும் தராசுல ஏறலீங்களே?"

"ஏறலே" என்றார் சரவணமுத்து.

"ஏறாத வரைக்கும் எம்பட கரிதானுங்களே?"

அவர் தலையை மட்டும் அசைத்தார். அவள் மகன் பக்கம் திரும்பினாள்.

"மாரி. தூக்கிக் கொட்டு."

"ஆத்தா" என்றான் அவன். அவனுக்கும் புரிந்திருந்தது. "சித்தெ ரோசனை பண்ணு."

"பண்ணீட்டேன். தூக்கு சாமி. கொழந்தைக்கு நேரமாவுது."

மாரிதான் அந்த மூட்டையைத் தோளில் தூக்கினான். மாரிதான் பஸ்ஸின் பின்புற ஏணியில் ஏறிப் பீப்பாய்க்குள் கொட்டினான். கனல் பிடிப்பதற்காக விசிறியின் கைப்பிடியைக் கந்தனோடு சேர்ந்து அவனும் சுற்றினான். இறங்கி வரும்போது வெள்ளைச் சட்டையில் வெள்ளை இல்லை. குப்பாயி இந்த முறை அதைத் துடைக்கப் போகவில்லை. சௌந்திரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "போ கண்ணு, ஏறு" என்று அவளை ஏற்றிவிட்டாள்.

"வாரேன் ஆத்தா" என்றான் மாரி.

"ம்" என்றாள்.

பஸ் போயிற்று. மல்லூர் மேட்டில் தள்ளக்கூட வேண்டியிருக்கவில்லை, நல்ல காய்ந்த கரி என்று மறுநாள் சின்னராஜ் வந்து சொன்னான். குழந்தைக்கு ஊசி போட்டாகிவிட்டதென்றும், சில நாள் கழித்து அது பிழைத்துக்கொண்டதென்றும் சொன்னான். மாரியிடமிருந்து ஐப்பசியில் ஒரே ஒரு மணியார்டர் வந்தது. அதற்குப் பிறகு அவனைப் பற்றிச் சொல்ல ஒருவரும் வரவில்லை.

அதெல்லாம் பின்னால். அன்றைக்குப் பஸ் கிளப்பிய தூசி அடங்குவதற்குள், குப்பாயி காலிச் சாக்கை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மீதியிருந்த ஒரு மூட்டையைத் தராசுப் பக்கம் இழுத்து வந்தாள்.

சரவணமுத்து தட்டில் ஏற்றினார். எதிர்த் தட்டில் கற்களை வைத்தார். கடைசியில் அந்தச் சின்ன இரும்புக் கல்லையும் வைத்தார். தராசு மூட்டைப் பக்கம் இறங்கவில்லை. ஒரு பிடி குறைந்தது.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கொட்டகை ஓரம் சிதறிக் கிடந்ததில் ஒரு பிடி அள்ளிவந்து அவளுடைய மூட்டையில் போட்டார்.

குப்பாயி அந்தக் கரியை அப்படியே வெளியே எடுத்து அவர் காலடியில் வைத்தாள். கோபமாக வைக்கவில்லை.

"வேண்டாமுங்க சாமி. உங்க கணக்கு ஒதைக்கும்" என்றாள். பிறகு, "நீங்க எங்களுக்குப் பண்ணுன நல்லது போதுமுங்க" என்றாள்.

பஸ் நின்ற இடத்துக்குப் போய்க் குந்தினாள். மாரி கொட்டும்போது விளிம்பிலிருந்து சிந்திய கரித்துண்டுகள் அங்கே மண்ணில் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஊதி, மடியில் போட்டுக்கொண்டாள்.

சரவணமுத்து தராசை விட்டுவிட்டு மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவளுக்கு எதிரே போய்க் குந்தி, அவரும் பொறுக்கத் தொடங்கினார். அவருடைய கண்ணை நீர் மறைத்தது. கைக்கு அகப்பட்ட ஒரு கறுப்புத் துண்டை எடுத்து அவள் மடிப்பக்கம் நீட்டினார்.

அவள் அதை வாங்கி, விரலால் உரசிப் பார்த்துவிட்டு, அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இது கரியில்லீங்க சாமி. கல்லு."

அவர் அதைக் கீழே போட்டுவிட்டு, மறுபடி தேடினார்.